தூங்குமூஞ்சி மரத்தை வெட்டியவன்

மச்சான்,

நேற்றுப் போட்டுக்கொண்டு போன சட்டை இன்னும் நாற்காலி மேலேயே கிடக்கிறது. சாம்பிராணி, சுருட்டுப் புகை, முனிக்கு ஊற்றிய சாராயம், அன்னதானத்து ஆட்டுக்கறி எல்லாம் சேர்ந்து ஒரு வாடை அதில் ஏறியிருக்கிறது. மருமகள் துவைக்க எடுத்தாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். எதற்கு என்று கேட்டாள். இந்த வாடை மூக்கில் இருக்கும்போதே உனக்கு எழுதிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. துவைத்துவிட்டால் கோபம் ஆறிப்போய், பெரிய மனுஷன்போல எல்லாவற்றையும் மன்னித்துத் தொலைத்துவிடுவேனோ என்று பயம்.

செத்துப் போனவனுக்குக் கடுதாசி எழுதுகிறான் பார் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். உயிரோடு இருக்கிறவர்களிடம் நேற்றுப் பேசிப் பார்த்துவிட்டேன். குமட்டிக்கொண்டு வந்ததுதான் மிச்சம்.

நம் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்கு நேற்றுக் கும்பாபிஷேகம். தோட்டம் என்று சொல்ல இப்போது அங்கே ஒன்றும் கிடையாது. ரப்பர் மரம் பேருக்குக்கூட இல்லை, தொழிலாளர் லயங்கள் இருந்த இடத்தில் வரிசை வீடுகள். கோயில் மட்டும் வளர்ந்திருக்கிறது. நாம் பார்த்தபோது ஒரு சூலம், மஞ்சள் பூசிய கல், மேலே ஒரு தகரக் கூரை, அவ்வளவுதான். இப்போது சலவைக்கல் தரை, கோபுரம், வாசலில் கூரையை முட்டுகிற உயரத்துக்கு மீசை முறுக்கிய ஒரு முனி. அவர் வாயில் சுருட்டுக்குப் பதிலாக ஒரு குழாய், அதன் நுனியில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிகிறது. நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். ஈப்போவிலிருந்து நானும் என் தங்கச்சியும், அதாவது உன் பெண்டாட்டியும், என் மகனுடைய காரில் போனோம். வயதானவர்கள் என்று முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

அபிஷேகம் முடிந்து ஒரு பேச்சாளர் மேடை ஏறினார். கோலாலம்பூரிலிருந்து வரவழைத்த ஆளாம். பட்டு ஜிப்பா, கழுத்தில் கொட்டை கொட்டையாக மாலை. கோயிலின் பெருமையைச் சொல்லப்போகிறேன் என்று ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் இந்தத் தோட்டத்தில் ஒரு மரவெட்டி இருந்தானாம். மொடாக் குடியனாம். பெண்டாட்டி பிள்ளையைத் திரும்பிப் பார்க்காதவனாம். முனி குடியிருந்த தூங்குமூஞ்சி மரத்தின் மேல் ஆசைப்பட்டு அவன் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தானாம். ஊரே காலில் விழுந்து தடுத்ததாம். கேட்கவில்லையாம். மரத்தில் ரம்பம் பட்டதும் ரத்தம் பீறிட்டதாம். அன்றைக்கே அவன் ரத்த வாந்தி எடுத்து, நாக்குத் தள்ளிச் செத்தானாம். அந்த நாக்கு தள்ளியதை ஜிப்பாக்காரர் நடித்தே காட்டினார். சின்னப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். பின்னால் யாரோ ஒரு பெண் குலவை போட்டாள்.

அந்த மரவெட்டி நீதான், மச்சான்.

எனக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. அழுகிய மீனை யாரோ முகத்துக்கு நேரே நீட்டியதுபோல ஓர் அருவருப்புதான் வந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். தங்கச்சி மடியில் வைத்திருந்த அர்ச்சனைத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

குடியனாம்! நீ குடித்ததே இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். தீபாவளிக்கு நாம் இருவரும் ஒரு பீர் பாட்டிலைப் பங்கு போடுவோம். பாதி கிளாஸ் உள்ளே போவதற்குள் நீ வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விடுவாய். மீதியையும் நான்தான் குடிக்க வேண்டியிருக்கும். உன் குடி அவ்வளவுதான்.

நீ மரம் வெட்டப் போனதே ரப்பர்ப் பால் மரம் சீவ வராததால்தான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நாம் ஒரே பெஞ்சு. படிப்பு இருவருக்குமே ஏறவில்லை. எனக்குக் கத்தி ஓரளவு படிந்தது. உனக்குக் கை கனம், பட்டையைத் தாண்டி மரத்தையே காயப்படுத்திவிடுவாய். 'மாடு மேய்க்கத்தான்டா நீ லாயக்கு' என்று மண்டோர் எல்லார் முன்னாலும் திட்டுவார். தோட்டத்தில் வேலையாட்களை மேய்க்கிற மேஸ்திரி அவர். பேர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை, எல்லாருக்கும் மண்டோர்தான். பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்துப் புதுக் கன்று நட ஒரு குத்தகைக்காரன் வந்தபோது நீ கோடாரியை எடுத்துக்கொண்டு அவனோடு போய்விட்டாய். உன் கனத்த கைக்கு அதுதான் சரியான வேலை. அங்கிருந்து மிஷின் ரம்பம், அங்கிருந்து சிலிம் ரிவர் மலைக்காடு. நான் லாரி ஓட்டப் பழகி உன் பின்னாலேயே வந்தேன். நீ வெட்டிய கட்டைகளை மலையிலிருந்து இறக்குவது என் வேலையானது. இதற்கிடையில் என் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு என்னை நிஜ மச்சானாகவும் ஆக்கிவிட்டாய்.

அந்தக் காட்டு வேலையை அழகாகச் சொல்கிறவர்கள் ஒருநாள் அங்கே படுத்துப் பார்க்க வேண்டும். கொங்சி என்று பேர், நான்கு பக்கமும் பலகையடித்த ஒரு கொட்டகை. ஈரத் துணி காயவே காயாது. அட்டைப்பூச்சி காலில் ஏறி, இடுப்பில் ஏறி, ஒருமுறை உன் இமைக்குள்ளேயே போய் ஒட்டிக்கொண்டது. அரிசியில் புழு, கருவாட்டில் புழு. நாள் முழுக்க ரம்பம் பிடித்த கை சாயங்காலம் காப்பிக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் நடுங்கும். நீ கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு, குனிந்து, வாயை அதனிடம் கொண்டுபோய் உறிஞ்சுவாய். நான் கேலி செய்வேன். 'கோப்ப எங்கயும் ஓடாதுலா, நான்தான் அதுகிட்டப் போவணும்' என்பாய்.

சனிக்கிழமை ஆனால் உனக்குக் காட்டில் கால் தங்காது. மற்றவர்கள் சிலிம் ரிவர் கடைத்தெருவில் இறங்கி நடுச்சாலையில் பாட்டுப் பாடிக்கொண்டு போவார்கள். நீ என் லாரியில் ஏறி, 'மிதி மச்சான், மிதி' என்று நம் ஊர் பத்து காஜா வரைக்கும் என் உயிரை வாங்குவாய். உன் சட்டைப் பையில் எப்போதும் மூங்கில் குச்சிகள் இருக்கும். பிள்ளைகள் ஒவ்வொருவரின் பாத அளவுக்கு நறுக்கிய குச்சி. பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கும்போது குச்சியைச் சப்பாத்துக்குள் விட்டுப் பார்ப்பாய். கடைக்காரச் சீனர் தலையில் அடித்துக்கொள்வார். பிள்ளைகள் வளர வளரப் புதுக் குச்சி நறுக்குவாய், பழையதையும் எறிய மாட்டாய். ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் உட்கார்ந்து மூத்தவளுக்குத் தலை வாரிப் பின்னல் போடுவாய். மரத்தைச் சாய்க்கிற கை, பின்னல் மட்டும் கோணாமல் வரும். குழாயடிக்குப் போகிற பெண்கள் உன்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு போவார்கள். நீ ஒருநாளும் சட்டை செய்ததில்லை.

பெண்டாட்டி பிள்ளையைத் திரும்பிப் பார்க்காதவனாம். தூ!

மரத்தைப் பற்றி உனக்கு ஒரு வழக்கம் இருந்தது. பெரிய மரமாக இருந்தால் முதல்நாள் சாயங்காலமே போய், அடியில் வெற்றிலை பாக்கு வைத்து, உன் பழைய கைக்கோடாரியை அதில் சாய்த்து வைத்துவிட்டு வருவாய். காலையில் கோடாரி வைத்தபடியே நின்றால் மரம் சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். சரிந்து கிடந்தால் அந்த மரத்தைத் தொடமாட்டாய். நம் சீன முதலாளி தவுக்கே கத்துவார். ஆனால் அவரே கொங்சி வாசலில் காவல் தெய்வம் டத்தோ சாமிக்குச் சிவப்பு வீடு கட்டி ஊதுபத்தி ஏற்றுகிறவர், அதனால் ஓரளவுக்கு மேல் கத்தமாட்டார். எனக்கு அந்தக் கோடாரிக் கணக்கில் நம்பிக்கை இல்லை. காற்றடித்தாலும் விழும், எலி ஓடினாலும் விழும். ஆனால் தோட்டத்தில் எல்லாருக்கும் உன் வழக்கம் தெரியும், எல்லாரும் அதை நம்பினார்கள். மண்டோரும் நம்பினார்.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற வருஷம் உனக்கு மறந்திருக்காது. முன்பக்கத் துண்டை வாங்கியவன் வீடு கட்டப்போவதாகச் சொன்னான். முனி இருந்த தூங்குமூஞ்சி மரம் அவன் போடுகிற ரோட்டுக்கு நடுவில் நின்றது. அவன் ஆட்கள் மரத்தடியில் சூலத்தைப் பார்த்ததும் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். மலாய்க்காரரும் தொடமாட்டேன் என்றார், சீனரும் தொடமாட்டேன் என்றார். கடைசியில் அவன் ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னான்: மரத்தை நீங்களே வெட்டி, சாமியை நீங்களே எடுத்துக்கொண்டால் சாலையோரம் கோயிலுக்கு நல்ல இடம் தருகிறேன், இல்லாவிட்டால் புல்டோசர் வரும், இடமும் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டோர் கோயில் கமிட்டி ஆட்களோடு உன் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். தங்கச்சி காப்பி போட்டுக் கொடுத்தாள். மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்று உன்னைத் திட்டிய அதே வாய் அன்றைக்குத் தேனாக ஒழுகியது.

"தம்பி, எங்க கையில அந்த மரம் சாயாதுலா. ஒனக்குத்தான் அந்தக் கை இருக்கு. முனியே ஒன்னத்தான் கூப்புடுறாரு."

"எனக்குப் புள்ளைங்க இருக்குண்ணே," என்றாய் நீ.

"எங்களுக்கு இல்லியா? பாவம்னு வந்தா ஊரோட வரட்டும்லா. ஒன் ஒருத்தன் தலையிலயா கட்டிட்டுப் போயிருவோம்?"

நீ தரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தாய். "கோடாரி வெப்பேன். நின்னா வெட்டுறேன். விழுந்தா என்னை வற்புறுத்தக் கூடாது," என்றாய். மண்டோர் உன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இதை நான் என் கண்ணால் பார்த்தேன், மச்சான்.

மறுநாள் காலையில் நாம் போனபோது ஊரே அங்கே நின்றது. பெண்கள் பொங்கல் பானை வைத்திருந்தார்கள். ரோட்டில் புல்டோசரும் வந்து நின்றது. கோடாரி மரத்தில் சாய்ந்தபடி நின்றது. மண்டோர் எல்லாருக்கும் முந்தி வந்து, தலையில் துண்டை முறுக்கிக் கட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றார். "பாத்தியா தம்பி, சாமி உத்தரவு குடுத்துருச்சு!" என்று கத்தினார். நீ குனிந்து புல்லைப் பார்த்தாய், கோடாரிக் காம்பைத் தடவிப் பார்த்தாய், கூட்டத்தைப் பார்த்தாய். வழக்கம்போல ஏதோ செய்கிறாய் என்று நான் நினைத்துக்கொண்டேன். பூசாரி சாமியைக் கலசத்தில் இறக்கி எடுத்துப் போனதும் தேங்காயை உடைத்துவிட்டு ரம்பத்தை முடுக்கினாய். அவ்வளவு பெரிய மரம், ஒரு கூரை ஓடுகூட உடையாமல், நீ காட்டிய பக்கம் பார்த்துப் படுத்தது. ரத்தமும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. பெண்கள் உனக்குச் சந்தனம் பூசினார்கள். மண்டோர் உன்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

அன்றைக்கு மலை ஏறியவன் அடுத்த சனிக்கிழமை வீட்டுக்கு வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை லாரியில் ஏறினாய், ஆனால் லயத்துக்குள் வரவில்லை. வேலிக்கு வெளியே நின்று, பிஸ்கட்டும் பழமும் போட்ட பையை முள்கம்பியில் மாட்டிவிட்டு, பிள்ளைகள் ஓடி வருவதற்குள் என் லாரிக்குத் திரும்பிவிட்டாய். அப்படியே பல வாரம் நடந்தது. கேட்டால் பேச்சை மாற்றுவாய். கடைக்குட்டி வேலியைப் பிடித்துக்கொண்டு 'அப்பா' என்று கத்தும். நீ லாரியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பாய்.

நம் ஆட்களின் வாயைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? காட்டில் உனக்கு ஒரு சயாம்காரி இருக்கிறாள் என்றார்கள். குழந்தைகூட உண்டு என்றார்கள். சந்தனம் பூசிய அதே பெண்கள் குழாயடியில் என் தங்கச்சியிடம் வந்து, ஐயோ பாவம் என்று மோவாயில் கை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார்கள். உனக்கு ஏதாவது ஆபத்தோ என்று ஓர் ஆள்கூட விசாரிக்கவில்லை. உனக்குப் பெண் வந்துவிட்டது என்றதும் வீடு கொள்ளாத விசாரிப்பு.

ஒருநாள் மத்தியானம், லாரி நிழலில் சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, சொல்லாவிட்டால் இனி உன்னை ஏற்றமாட்டேன் என்று உன்னைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் வாயைத் திறந்தாய்.

"கோடாரி விழுந்துதான் கெடந்துச்சு மச்சான்."

"நின்னுச்சேலா, நான் பாத்தேனே."

"புல்லு படிஞ்சு கெடந்துச்சு, கோடாரி நீளத்துக்கு. காம்புல ஒரு பக்கம் பனி, ஒரு பக்கம் காஞ்சிருக்கு. யாரோ எடுத்து நிறுத்தியிருக்காங்க."

"யாரு?"

"எனக்கு முந்தி அங்க யாரு நின்னா?"

"தெரிஞ்சும் ஏன்டா வெட்டுனே?" என்று கத்தினேன்.

"பொம்பளைங்கல்லாம் பானையோட நிக்கிறாங்க. ரோட்டுல புல்டோசரு நிக்குது. இல்லேன்னு சொல்லிட்டு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுத் திரும்புறது?" சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். "முனிகிட்டச் சொல்லிட்டேன். எடுத்துக்கிறதா இருந்தா என்கிட்ட எடுத்துக்க, புள்ளைங்ககிட்டப் போவாதேன்னு. அது வரைக்கும் நான் வூட்டுப் படி மிதிக்க மாட்டேன். என் காலோட எதுவும் உள்ள போயிரக் கூடாதுலா."

இதைத்தான் நான் இத்தனை வருஷம் மென்று விழுங்க முடியாமல் வைத்திருக்கிறேன். கோடாரி விழுந்தால் என்ன, நின்றால் என்ன என்று நினைக்கிற என்னைப்போன்ற ஒருவன் அதை எடுத்து நிறுத்தியிருந்தால், சரி, அவசரத்துக்குச் செய்தான் என்று விட்டிருப்பேன். மண்டோர் நம்புகிறவர். விழுந்த கோடாரியைப் பார்த்தபோது அந்த மரத்தைத் தொடுகிறவன் செத்துப் போவான் என்று அவர் முழுசாக நம்பினார். நம்பிக்கொண்டேதான் அதை எடுத்து நிறுத்தி, உன் கையில் ரம்பத்தைக் கொடுத்தார். நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது.

உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தது தங்கச்சிதான். ஊர் வாய் தாங்காமல் ஒருநாள் விடிந்ததும் என் லாரிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். கடைக்குட்டி இடுப்பில். ஏறுகிறேன் என்றால் ஏறுகிறேன்தான். கொங்சியில் வந்து பார்த்தால் சயாம்காரியும் இல்லை, யாரும் இல்லை. நீ சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாய். அவளைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே போட்டாய். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "வந்தா எல்லாருக்கும் வரட்டும். நீங்க இல்லாத வூட்டுல நாங்க நல்லாருந்து என்னத்தக் கிழிக்கப் போறோம்? லாரியில ஏறுங்க." நீ ஏறினாய். பத்து காஜா வரைக்கும் கடைக்குட்டி உன் மடியை விட்டு இறங்கவில்லை, கருவாட்டு வாடையோடே தூங்கிப் போனது.

அதன்பின் வருஷக்கணக்காக நன்றாகத்தான் இருந்தாய். அன்றைக்கே ரத்தம் கக்கிச் செத்தானாம்! மூத்தவள் பள்ளிப்படிப்பை முடிக்கிற வரைக்கும் இருந்தாய். கடைசியில் உன்னை எடுத்தது ஒரு துருப்பிடித்த கம்பி வடம். கட்டை இழுக்கிற வடம் பிரி பிரியாக விட்டிருந்தது. மாற்றச் சொல்லி நீயும் சொன்னாய், நானும் சொன்னேன். அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று தவுக்கே தள்ளிக்கொண்டே போனார். மழையில் இழுக்கச் சொன்னார்கள், அறுந்த வடம் சுழன்று வந்து உன் மேல் அடித்தது. நீ முகத்தில் சாந்தமாகவெல்லாம் இல்லை, மச்சான். பார்க்கச் சகிக்காமல் இருந்தாய். நான்தான் சாக்கைப் போட்டு மூடினேன்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? முனி அடித்துவிட்டார் என்றது. பாவம் ஊரோடு வரட்டும் என்று சொன்னவர்கள் உன் வாசலை மிதிக்கவே பயந்தார்கள். உன்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது மண்டோர் முச்சந்தியில் கமிட்டியோடு வந்து வழிமறித்தார். மற்ற பிணம் போகும்போது கோயில் கதவைச் சாத்துவார்கள், பிணம் போய்விடும். உனக்கு அதுகூட ஆகாதாம். கோயில் வாசல் வழியாக உன்னைக் கொண்டுபோகக் கூடாதாம். நீ மரத்தை வெட்டியதால் கிடைத்த இடத்தில் கட்டிய கோயில்! அப்போது நான் அடிக்கப் பாய்ந்தேன். 'சாவு வூட்டுல சண்ட வேணாம்ணே' என்று தங்கச்சி என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். பன்றிக் கொட்டகைகளுக்குப் பின்னாலிருந்த சாக்கடைப் பாதை வழியாக, சேற்றில் வழுக்கி வழுக்கி, உன்னைக் கொண்டுபோய் எரித்தோம்.

நேற்று அந்த மண்டோர் முன்வரிசையில்தான் இருந்தார். சக்கர நாற்காலி, கழுத்து நிறைய மாலை. மகன்தான் இப்போது கோயில் தலைவர். ஜிப்பாக்காரர் நாக்கைத் தள்ளி நடித்தபோது இவரும் சிரித்தார். நான் எழுந்து போய் அவர் காதருகே குனிந்தேன்.

"கோடாரிய யாரு எடுத்து நிறுத்துனது?"

என்னை அடையாளம் தெரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. தெரிந்ததும் முகம் மாறவில்லை. வெட்கப்படுவார், கெஞ்சுவார் என்று ஏதோ நினைத்துப் போன எனக்குத்தான் முகம் மாறியது. அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"அட, விடு தம்பி. செத்தவனுக்கு என்னா வலிக்கவா போவுது? இந்தக் கதையாலதான் சாமிக்கு இம்புட்டுப் பேரு. சிங்கப்பூருலேருந்துலாம் ஆளு வருதுலா."

அவர் கை ஈரமாகவும் மெத்தென்றும் இருந்தது. என் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். துடைத்தும் அந்த ஈரம் போகவில்லை என்றே தோன்றியது. எண்பது தாண்டிய கிழவனை என்ன செய்வது? செய்ய முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

அதற்குள் மேடையில் இருந்தவர் ஒலிவாங்கியோடு கீழே இறங்கிவிட்டார். கூட்டத்தைக் கலகலப்பாக்கப் பார்த்தார். முன்வரிசையில் நரைத்த தலையோடு, வெள்ளைச் சேலையில் ஒரு கிழவி இருந்தால் இப்படிப்பட்டவர்களுக்குக் கொண்டாட்டம்.

"அம்மா, நீங்க இந்தத் தோட்டத்துப் பழைய ஆளுதானே? நீங்களே சொல்லுங்க. அந்தப் பாவி மரவெட்டிய நீங்க பாத்திருக்கீங்களா?"

ஒலிவாங்கியை என் தங்கச்சியின் வாய்க்கு நேரே நீட்டினார். நான் அங்கிருந்து ஓடி வருவதற்குள் அவள் எழுந்துவிட்டாள். அர்ச்சனைத் தட்டை நாற்காலியில் வைத்தாள். ஒலிவாங்கியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

அவள் உன் பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை, மச்சான். அவள் வயதுப் பெண்கள் யாரும் சொல்லமாட்டார்கள். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று வளர்த்த பெண்கள். பிள்ளை பிறந்து பேர் பதியப் போனபோது அப்பா பேர் என்ன என்று கேட்டால் என்னைப் பார்ப்பாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் மூத்தவளைச் சொல்லச் சொல்வாள். நீ போன பின்னும் சொன்னதில்லை. உன் திவசத்துக்கு ஐயர் கேட்டாலும் நான்தான் சொல்வேன்.

"பாத்திருக்கேன் தம்பி," என்றாள். அந்தப் பெரிய ஒலிபெருக்கியில் அவள் மூச்சுகூடக் கேட்டது. "அவரு என் வூட்டுக்காரரு."

பிறகு உன் பேரைச் சொன்னாள். உன் அப்பா பேரையும் சேர்த்து, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கூப்பிடுகிற மாதிரி, முழுசாக, நிறுத்திச் சொன்னாள். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "ஒங்க அப்பன்மாருங்க எங்க வூட்டுக்கு வந்து, நான் போட்டுக் குடுத்த காப்பியக் குடிச்சிட்டு, வெட்டுப்பான்னு கேட்டாங்க. அவரு வெட்டுனாரு," என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஒலிவாங்கியை ஜிப்பாக்காரர் கையில் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் நின்றார். மண்டோரின் மகன்தான் முதலில் சுதாரித்தான். உருமிக்காரர்களைப் பார்த்துக் கையை ஆட்டினான். மேளம் காதைப் பிளந்தது. ஜனங்களுக்கு நிம்மதியாகிவிட்டது. பந்தி திறந்துவிட்டார்கள் என்று யாரோ சொன்னதும் எல்லாரும் எழுந்து சாப்பிட ஓடினார்கள்.

அந்த ஓட்டத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே வாந்தி வந்தது. கோயில் மதிலுக்கு வெளியே போய் எடுத்தேன். வாயைக் கொப்பளிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது அவள்தான். "ஒடம்புக்கு முடியலன்னா சொல்லக் கூடாதாண்ணே? போலாம் வா," என்றாள்.

கார் ஊரைத் தாண்டியது. பிறகு, "அண்ணே, பேரைச் சொல்லிட்டேன்ல?" என்றாள்.

"சொல்லிட்டே."

"ஆயுசு கொறையும்னு எங்கம்மா சொல்லும். ஒருநா, ஒரு பொழுது சொல்லல. வாய்க்குள்ளயே வெச்சிருந்தேன். அப்பவும் கொறைஞ்சுதானே போச்சு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உன் பேரை இன்னொருமுறை சொன்னாள், மெதுவாக, வீட்டுக்குள்ளே இருக்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. ஈப்போ வருகிற வரைக்கும் அவ்வப்போது சொல்லிக்கொண்டே வந்தாள்.

அந்த ஊர் மேல் எனக்கு இருக்கிற அருவருப்பு இனிப் போகாது. சாகும்வரை இருக்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதற்கும் மேலே அவள் குரலில் உன் பேர் என் காதில் இருக்கிறது, மச்சான். அவளோடு அத்தனை வருஷம் வாழ்ந்தும் நீ அதைக் கேட்டதே இல்லை.